இரண்டு மொழிக்கு நாற்பது வாக்கியம்

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அந்தப் பயிற்சி நிலையத்தின் இரண்டாம் மாடியில் இலவச வகுப்பு நடக்கும். கீழே குளியலறை ஓடு விற்கிற கடை. அதனால் படியேறி வருகிறவர்களின் செருப்பில் எப்போதும் வெள்ளைத் தூள் ஒட்டியிருக்கும். வகுப்பறையில் எழுதுபலகை வைத்த நாற்காலிகள் முப்பத்து நான்கு. அதில் இரண்டுக்குப் பலகை கழன்றுபோய்விட்டது, தாமதமாக வருகிறவர்களுக்கு அவைதான் மிஞ்சும். செக் மொழி படிப்பதா, நார்வேஜிய மொழி படிப்பதா என்று புரியாமல் வருகிறவர்களை உட்கார வைத்து, ஒரு மணி நேரத்தில் ஒரு முடிவோடு எழுப்பி அனுப்புவது ஒரே ஒருவருடைய பொறுப்பு. அவருக்கு நிலையத்தில் 'முதல் பாடம்' என்று பெயர். முகத்துக்கு நேராக 'சார்'. பத்தொன்பது வருஷமாக முதல் பாடத்தைத் தாண்டாதவருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

ஆனால் அந்த ஒரு மணி நேரத்தை அவரைப் போல நடத்த ஆள் கிடையாது. வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் நர்ஸ்கள். ஷிப்ட் முடிந்து நேராக வந்தவர்கள் பின்வரிசையில் கொட்டாவி விடுவார்கள். அவர்களைக் கூட அவர் சிரிக்க வைத்துவிடுவார்.

"நார்வேஜியன்ல வினைச்சொல் பரம சாது. நான் போனாலும், நீ போனாலும், ஊரே திரண்டு போனாலும் அதே சொல்தான். கல்யாணமான புதுசுல மருமக மாதிரி. யார் கூப்பிட்டாலும் ஒரே பதில். செக் அப்படி இல்ல, நம்மள மாதிரி. 'போறேன்'னா நான், 'போறோம்'னா நாங்க. வாலைப் பாத்தே ஆளைச் சொல்லிடலாம்."

"அப்போ செக்தானே சார் நமக்கு ஈஸி?" என்று யாராவது கேட்பார்கள். கேட்கவில்லையென்றால் அவரே யாரையாவது கேட்க வைப்பார்.

"அங்கதான் கவுத்துருவான். வேற்றுமை ஏழு. நம்மகிட்ட எட்டு இருக்கு, அவன்கிட்ட ஏழுதானேன்னு சிரிக்காதீங்க. நமக்கு வீட்டை, மாட்டை, உங்களை, என்னை, எல்லாத்துக்கும் ஒரே 'ஐ'. அவனுக்கு ஆண்பாலுக்கு ஒரு வால், பெண்பாலுக்கு ஒரு வால், ரெண்டும் இல்லாததுக்கு இன்னொண்ணு. ஆண்பால்லயே உயிர் இருந்தா ஒரு மாதிரி, இல்லைன்னா வேற மாதிரி. நாற்காலி பொம்பள, மேசை ஆம்பள. ஏன்னு கேட்டா அவனைப் பெத்தவளுக்கே தெரியாது."

பிறகு செக்கில் இருக்கிற ஓர் ஒலியைச் சொல்லிக் காட்டுவார். ர-வையும் ஷ-வையும் ஒரே வாயில் போட்டு மென்றது போல இருக்கும் அது. எல்லோரையும் சொல்லச் சொல்வார். அறை முழுக்க எச்சில் தெறிக்கும். "கவலைப்படாதீங்க. 'ழ' சொல்ற நாக்கு நம்ம நாக்கு. என்ன, முக்கால்வாசிப் பேர் வாழைப்பழத்துலயே வழுக்கி விழறோம்."

நார்வேஜியத்தின் குறைகளையும் மறைக்க மாட்டார். எழுதுவதற்கே இரண்டு வகை உண்டு, பேச்சோ பள்ளத்தாக்குக்கு ஒன்று. சொல்லை ஏற்றி இறக்கிச் சொல்லும் ராகம் தப்பினால் பொருள் தப்பும். சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் 'நீ'தான். "பெரிய டாக்டரையும் 'நீ'ன்னுதான் கூப்பிடணும். இங்க மனசுக்குள்ள கூப்பிடறதை அங்க வாய்விட்டே கூப்பிடலாம்." நர்ஸ்கள் குலுங்கிச் சிரிப்பார்கள். "இன்னொண்ணு, அவங்க ஆமான்னு சொல்றப்போ சில சமயம் மூச்சை உள்ள இழுத்துச் சொல்லுவாங்க. யாருக்கோ நெஞ்சு வலின்னு ஆக்ஸிஜனைத் தூக்கிட்டு ஓடிடாதீங்க."

கடைசியில் பலகையில் இரண்டு எண்கள் எழுதுவார். ஆங்கிலம் தெரிந்தவருக்கு நார்வேஜியன் சுமார் அறுநூறு மணி நேரம். செக் ஆயிரத்து நூறு. "வேலைக்குப் போய்க்கிட்டு, வீட்டையும் பாத்துக்கிட்டுப் படிக்கிற பொம்பளைங்களுக்கு நான் நெஞ்சைத் தொட்டுச் சொல்றேன், நார்வேஜியன் எடுங்க. செக் எடுக்கிறவங்க முதல்ல சமையலுக்கு ஆள் பாருங்க."

வகுப்பு முடிந்ததும் கூட்டம் இடப்பக்கக் கதவுக்கும் வலப்பக்கக் கதவுக்குமாகப் பிரியும். அங்கே அந்தந்த மொழியின் உண்மையான ஆசிரியர்கள் பெயர் எழுதிக்கொள்வார்கள். அவர் நாற்காலிகளை வரிசைப்படுத்திவிட்டு, சாக்பீஸ் கையைத் துடைத்துக்கொண்டு கீழே டீ குடிக்கப் போவார்.

அவருக்கு அந்த இரண்டு மொழியிலும் சேர்த்து நாற்பது வாக்கியம் தெரியும். மொழிக்கு இருபது.

இருபத்தைந்து வயதில் அவரும் வெளிநாடு போகிற ஆசையில்தான் அந்தப் படியேறினார். நார்வேஜியனில் இரண்டாம் படித் தேர்வை இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் தவறினார். செக்கில் மூன்றாவது மாதமே கையைத் தூக்கிவிட்டார். ஒருநாள் மாடிப்படியில் நின்று யாருக்கோ இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அவர் விளக்கிக்கொண்டிருந்ததை அப்போதைய மேலாளர் கேட்டார். அடுத்த சனிக்கிழமையிலிருந்து வேலை. கிணற்றில் விழுந்து எழுந்தவனைவிட ஆழம் சொல்ல யாருக்குத் தெரியும்? வாரநாட்களில் விண்ணப்பங்களைச் சரிபார்ப்பதும் சான்றிதழ் அச்சடிப்பதுமாக அவர் அங்கேயே தங்கிவிட்டார். அவருக்கு எவ்வளவு தெரியும் என்று அங்கே யாரும் கேட்டதில்லை. முதல் பாடத்துக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை.

வீட்டில் கதை வேறு. கல்யாணம் பேசியபோது 'இரண்டு ஐரோப்பிய மொழி கற்றவர்' என்று அவர் அக்கா சொன்னாள். அவர் திருத்தவில்லை. பிறகு திருத்துவதற்கு நல்ல நாள் ஒன்று அமையவே இல்லை.

மனைவி ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். பதினாறு வருஷம் ஒரே மருத்துவமனை, ஒரே பச்சை உடை. அவள் கற்றுக்கொடுத்த பெண்கள் ஒவ்வொருத்தராக மொழி படித்து வெளிநாடு போனார்கள். போகாத ஒருத்தி அவளுக்கே மேற்பார்வையாளராக வந்து, விடுப்புச் சீட்டில் காரணம் சரியில்லை என்று திருப்பி அனுப்பினாள். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் வழக்கம்போல அவளுடைய சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நல்ல மனிதர்தான். துணி மடிப்பது, பாத்திரம் தேய்ப்பது எதிலும் கௌரவம் பார்க்காதவர். அவள் எதிரே உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"என்னங்க, நானும் படிச்சா என்ன? ஊருக்கெல்லாம் சொல்றீங்க, எனக்குச் சொல்லுங்க. செக்கா, நார்வேஜியனா?"

இஸ்திரிப் பெட்டி காலர் மேல் ஒரு கணம் கூடுதலாக நின்றது.

அவள் போய்விடுவாளே என்பதல்ல அவருடைய முதல் பயம். போனால் கூடவே போகலாம். அவள் படித்துவிடுவாளே என்பதுதான். ஆறே மாதத்தில் அவருடைய நாற்பது வாக்கியத்தின் எல்லைக்கு வந்து நின்று, அந்தப் பக்கம் இருந்து திரும்பிப் பார்ப்பாள். நார்வேஜியன் எடுத்தால் அது நிச்சயம் நடக்கும். ஆங்கிலத்தில் கெட்டிக்காரி. வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. மனைவி எதைக் கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லாத கணவன் என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது. ஆகவே, தான் சொல்ல முடியாத 'வேண்டாம்' என்பதைச் சொல்லும் வேலையை ஏழு வேற்றுமைகளிடம் ஒப்படைத்தார்.

"செக் எடு," என்றார்.

"எல்லாரும் நார்வேஜியன்தானே எடுக்கிறாங்க?"

"எல்லாருக்கும் சொல்றது வேற, உனக்குச் சொல்றது வேற. தமிழ் நாக்குக்கு செக்தான் ஒட்டும். நாம வீட்டுக்கு, வீட்டில், வீட்டைன்னு வால் சேக்கறோமே, அதே கதைதான். எழுதறதை அப்படியே படிக்கலாம். எப்பவும் முதல் அசையிலதான் அழுத்தம். நார்வேஜியன்ல ஊருக்கு ஊர் பேச்சு மாறும், நோயாளி என்ன சொல்றான்னு புரியாம முழிப்ப."

சொன்னதில் ஒவ்வொரு வாக்கியமும் உண்மை. சொன்ன காரணம் மட்டும்தான் பொய்.

"அப்போ சனிக்கிழமை உங்க வகுப்புக்கு வந்து உக்காரட்டுமா?"

"நான்தான் வீட்லயே சொல்லிட்டேனே. நேரா டீச்சர்கிட்டயே சேந்துடு."

இப்படியாக, அந்த நிலையத்தில் முதல் பாடம் கேட்காமல் சேர்ந்த ஒரே மாணவி அவருடைய மனைவிதான்.

மூன்றாம் மாதத்துக்காக அவர் காத்திருந்தார். தன்னைத் தள்ளிய இடம் அவளையும் தள்ளும் என்று கணக்குப் போட்டிருந்தார். ஆனால் தள்ளப்பட்டது அவருடைய நாக்கு என்பதையும், இவள் வேறு தொழில்காரி என்பதையும் மறந்துவிட்டார். தியேட்டரில் அறுவை தொடங்கும் முன் கத்தரி எத்தனை, இடுக்கி எத்தனை, பஞ்சுத் துணி எத்தனை என்று எண்ண வேண்டும். வயிற்றை மூடும் முன் மறுபடி எண்ண வேண்டும். ஒன்று குறைந்தாலும் பெரிய டாக்டரே ஆனாலும் ஊசியைக் கீழே வைக்க வேண்டும். அவள் சொற்களையும் அப்படியே பார்த்தாள். ஒரு தட்டில் ஏழு வால். வாக்கியத்தைத் தொடங்கும் முன் எண்ணினாள், முடிக்கும் முன் எண்ணினாள்.

"எண்ணாம மூட மாட்டேன்," என்பாள். அதையும் செக்கில் சொல்லிப் பார்ப்பாள்.

அடுக்களை முழுக்க ஒட்டுத்தாள்கள். ஆண்பாலுக்கு நீலம், பெண்பாலுக்கு மஞ்சள், மூன்றாவதுக்கு வெள்ளை. பதின்மூன்று வயது மகளுக்கு அது நல்ல விளையாட்டு.

"அம்மா, கரண்டி பொம்பளையாம், கத்தி ஆம்பளையாம். பாரபட்சம்!"

"கத்திக்கு ஒரு வேலைதான். கரண்டிக்கு நாள் பூரா வேலை."

"அப்பாவுக்கு என்ன கலர் ஒட்டறது? உயிர் உள்ள ஆண்பாலா, உயிர் இல்லாததா? சனிக்கிழமை மட்டும்தானே வாயைத் திறக்கிறாரு."

அவர் சிரித்தார். சில சமயம் மனைவி பாடப் புத்தகத்தோடு பக்கத்தில் வந்து உட்காருவாள். "இந்த இடத்துல ஏன் இந்த வால் வருது?" என்று கேட்பாள். "ஒரு மாணவிக்கு ரெண்டு வாத்தியார் ஆகாதும்மா, குழப்பிடும். டீச்சர்கிட்ட கேளு," என்பார். முதலில் அது அவளுக்கு நியாயமாகப் பட்டது. பிறகும் நியாயமாகத்தான் பட்டது, கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டாள்.

முதல் படியை எட்டு மாதத்தில் தாண்டினாள். இரண்டாம் படியில் விழுந்தாள். எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண். காதால் கேட்டுப் பதில் எழுதும் பகுதியில் இரண்டு மதிப்பெண் குறைந்தது. அன்று மாலை வீட்டில் அவரைப் போல அன்பான மனிதர் உலகத்தில் இல்லை. டீ போட்டுக் கொடுத்தார். வெந்நீரில் அவள் காலை வைக்கச் சொன்னார்.

"முயற்சி பண்ணின, அதுவே பெரிசு. விட்டுடு. உடம்பைக் கெடுத்துக்காதே. எத்தனை பேரைப் பாத்துட்டேன், இரண்டாம் படியிலதான் எல்லாரும் விழுவாங்க."

"எல்லாருமா?"

"பாதிக்கு மேல."

"நீங்க விழுந்தீங்களா?"

"நான் படிச்ச காலம் வேற," என்றார்.

அவள் காலைத் துடைத்துக்கொண்டாள். மறுபடி எழுதுவதாகச் சொன்னாள்.

மறுதேர்வுக்கு விண்ணப்பம் கொடுக்கத்தான் அந்தச் சனிக்கிழமை நிலையத்துக்கு வந்தாள். அலுவலகப் பெண் செக் டீச்சரின் கையெழுத்து வேண்டும் என்றாள். டீச்சர் பதினொரு மணிக்குத்தான் வருவார். வராந்தாவில் வெயில். வகுப்பறையின் பின்கதவு திறந்திருந்தது. உள்ளே சிரிப்புச் சத்தம். தன் கணவரின் குரலைக் கேட்டு அவளுக்கும் சிரிப்பு வந்தது. உள்ளே போய், பலகை இல்லாத நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தாள். அவர் பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை.

நாற்காலி பொம்பள, மேசை ஆம்பள என்றபோது அவளும் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தாள். எவ்வளவு நன்றாகச் சொல்கிறார், வீட்டில் ஒருநாள் இப்படிச் சொன்னால் என்ன என்றுகூட நினைத்தாள். பிறகு அவர் அறுநூறு என்று எழுதினார். ஆயிரத்து நூறு என்று எழுதினார். திரும்பாமலே, பழக்க தோஷத்தில், "வேலைக்குப் போய்க்கிட்டு, வீட்டையும் பாத்துக்கிட்டுப் படிக்கிற பொம்பளைங்களுக்கு நான் நெஞ்சைத் தொட்டுச் சொல்றேன்," என்று தொடங்கினார். முடித்துவிட்டுத் திரும்பியபோது பின்வரிசையில் அவள் கையைத் தூக்கியிருந்தாள்.

"சொல்லுங்க," என்றார். வேறு என்ன சொல்ல முடியும்? முப்பது பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"சார், ஒரு தியேட்டர் நர்ஸ். வயசு நாப்பத்தொண்ணு. முழங்கால் வலி. ஒரு பொண்ணு இருக்கா. இங்கிலீஷ் நல்லா வரும். அவங்களுக்கு எது சார் நல்லது?"

"அது... ஆளைப் பொறுத்ததும்மா."

"ஆள் நல்லா தெரிஞ்ச ஆள்தான் சார்."

முன்வரிசையில் ஒருத்தி சிரித்தாள். அவர் சாக்பீஸைக் கைமாற்றிக்கொண்டார். "பொதுவா நான் சொல்றது பொதுவானவங்களுக்கு. சிலருக்கு செக்கே ஒத்துவரும்." பிறகு கூட்டத்தைப் பார்த்து ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டார். "இவங்க ஏற்கெனவே நம்மகிட்ட செக் படிக்கிற மாணவிதான். எங்க, எல்லாருக்கும் கேக்கற மாதிரி செக்ல ஏதாவது பேசுங்க பாப்போம்."

தப்பிக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். பழைய மாணவர்கள் யாராவது எட்டிப் பார்த்தால் அவர் அப்படித்தான் செய்வார். அவர்கள் 'எப்படி இருக்கிறீர்கள்' என்று கேட்பார்கள், அவர் பதில் சொல்வார், கூட்டம் அசந்துபோகும்.

அவள் எழுந்தாள். நிதானமாக, வால்களை எண்ணிக்கொள்கிறவள் போல ஒரு நொடி நின்று, நான்கே சொல்லில் கேட்டாள். ஏன் என்னிடம் பொய் சொன்னாய் என்று கேட்டாள். கல்யாணமான பதினாறு வருஷத்தில் அவரை அவள் 'நீ' என்றது அதுதான் முதல் முறை.

அவர் முகம் தெளிந்தது. குரலை உயர்த்தி, திருத்தமான உச்சரிப்பில் செக்கில் பதில் சொன்னார்: "நன்றி, மிகவும் நலமாக இருக்கிறேன்."

கூட்டம் கைதட்டியது.

கதவருகே செக் டீச்சர் வந்து நின்றிருந்தார். அவர் கைதட்டவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, போட்டுக்கொண்டு, விண்ணப்பத்தில் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டார்.

பொய் சொன்னார் என்ற கோபத்தோடுதான் அவள் எழுந்து நின்றாள். உட்காரும்போது அந்தக் கோபம் சின்னதாகிவிட்டது. அதைவிடப் பெரியது ஒன்று அதன் மேல் வந்து உட்கார்ந்துவிட்டது. ஒரு வருஷமாக 'டீச்சர்கிட்ட கேளு' என்றதெல்லாம் அவளுக்கு இப்போது தனித்தனியாக ஞாபகம் வந்தது.

சாயங்காலம் அவர்தான் பேச்சை எடுத்தார். "கூட்டத்துல அசத்திட்டியே. ரெண்டு பேர் செக்ல சேந்துட்டாங்க, உன்னைப் பாத்து."

"நான் என்ன கேட்டேன், சொல்லுங்க?"

"எப்படி இருக்கீங்கன்னுதானே?"

அவள் அவரையே பார்த்தாள். தெரியலம்மா, நீயே சொல்லு என்று அவர் சொல்ல அந்த இடத்தில் நிறைய நேரம் இருந்தது.

"ஆமா. அதைத்தான் கேட்டேன்," என்றாள்.

அந்த நார்வேஜியன் விஷயத்தைப் பற்றியும் அவரே சொன்னார். அது நிலையத்தின் கொள்கை, மேலாளர் அப்படித்தான் சொல்லச் சொல்கிறார், வேண்டுமானால் இப்போதுகூட மாறிக்கொள்ளலாம் என்றார்.

"ஒண்ணேகால் வருஷம் போட்டாச்சு. பாதி வயித்தைத் திறந்து வெச்சுட்டு வேற ஆளுக்கு ஆபரேஷன் பண்ணப் போக முடியுமா? தமிழ் நாக்குக்கு இதுதான் ஒட்டும்னு சொன்னீங்களே. ஒட்டத்தான் செய்யுது."

ஆனாலும் அவருக்கு உள்ளே அரித்தது. இரண்டு வாரம் கழித்து, சான்றிதழ் கட்டை எடுத்துக்கொண்டு டீச்சரின் அறைக்குப் போனார்.

"அன்னிக்கு எங்க வீட்டுக்காரம்மா ஒரு கேள்வி கேட்டாங்களே, டீச்சர்..."

"ஆமா சார். கேட்டாங்க."

"அது..."

"உங்களுக்குப் புரிஞ்சுதுதானே சார்?"

டீச்சர் சாதாரணமாகத்தான் கேட்டார். இவர் சான்றிதழ்களை மேசையில் தட்டி ஓரத்தைச் சரிசெய்தார்.

"புரியாம என்ன. உச்சரிப்பு சரியா இருந்துதான்னு கேக்க வந்தேன்."

"உச்சரிப்பு ரொம்பச் சரி," என்றார் டீச்சர்.

அவள் இரண்டாம் படியைத் தாண்டினாள். மூன்றாம் படியையும் தாண்டினாள். அடுக்களையிலிருந்து ஒட்டுத்தாள்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன, புதிதாக ஒட்ட வேண்டிய தேவை இல்லை. அம்மாவும் மகளும் தட்டுக் கழுவும்போது செக்கில் பேசிக்கொள்ள ஆரம்பித்தார்கள். மகளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, கூடவே இருந்ததில் ஒட்டிக்கொண்டது. அவர் உள்ளே வந்தால் தமிழுக்கு மாறிவிடுவார்கள். மரியாதைக்காகத்தான் மாறினார்கள். அந்த மரியாதைதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

"நான் வந்தா ஏன் நிறுத்தறீங்க? பேசுங்க, நானும் கேக்கறேன்," என்றார் ஒருநாள்.

"சும்மா பாத்திரத்தைப் பத்தித்தாம்பா," என்றாள் மகள்.

நான்காம் படித் தேர்வில் அந்த நிலையத்தில் அந்த வருஷம் தேறியது மூன்று பேர். அவளுடைய சான்றிதழை அவர்தான் அச்சடித்தார். தாள் நேராக வர வேண்டும் என்று மூன்று முறை அடித்தார். மேலாளர் அவளுடைய படத்தைப் பெரிதாக்கி மாடிப்படியில் மாட்டினார். சனிக்கிழமை கூட்டத்தில் யாராவது, "அந்தப் போட்டோல இருக்கிறவங்க உங்க வீட்டம்மாவாமே சார்? நீங்கதான் சொல்லிக்கொடுத்தீங்களா?" என்று கேட்டால், முன்பெல்லாம் தயாராக இருந்திருக்கும் பதில் இப்போது வர நேரம் பிடித்தது. "ஆரம்பம் நான்தான்," என்பார்.

செக் நாட்டில் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்தது. ஒரு மாதம் கழித்து, அந்த மருத்துவமனையிலிருந்து குடியிருப்புப் படிவம் வந்தது. நான்கு பக்கம், முழுக்க செக்கில். அவள் எல்லாவற்றையும் நிரப்பிவிட்டாள். மூன்றாம் பக்கத்தில் ஓர் இடத்தை மட்டும் நிரப்பவில்லை. அங்கே இரண்டு சின்னச் சதுரங்கள் இருந்தன. கணவர் உடன் வருகிறார் என்பதற்கு ஒன்று, உடன் வரவில்லை, குழந்தை தாயோடு மட்டும் வசிக்கச் சம்மதிக்கிறார் என்பதற்கு ஒன்று. அதைக் கணவர்தான் குறியிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும்.

மூன்று நாள் அந்தப் படிவத்தை அவள் பையிலேயே வைத்திருந்தாள். வேலைக்குப் போகும் பேருந்தில் எடுத்துப் பார்ப்பாள், திரும்ப வைப்பாள். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தாள். இதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் ஒரு வார்த்தை கேட்டால் போதும். கேட்டுவிட்டால், வரி வரியாகச் சொல்லி, முதல் சதுரத்தைக் காட்டி, மூன்று பேருமாகவே போவது. அங்கே முதல் படியிலிருந்து அவருக்குத் தானே சொல்லித்தருவது.

ஞாயிற்றுக்கிழமை காலை. அவர் சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். மகள் எதிரே உட்கார்ந்து ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். மனைவி படிவத்தை அவர் முன்னால் வைத்தாள்.

"இதுல உங்க கையெழுத்து வேணும். நிதானமா படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க. புரியாத இடம் ஏதாவது இருந்தா கேளுங்க, சொல்றேன்."

"புரியாம என்ன," என்றார்.

முதல் பக்கத்தைப் பார்த்தார். ஒருவர் ஒரு பக்கத்தைப் படிக்க எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் பார்த்தார். விரல் வரிகளின் மேல் இடமிருந்து வலமாக நகர்ந்தது. இரண்டாம் பக்கத்தில் ஓர் இடத்தில் தலையை ஆட்டினார். "எல்லாம் தெளிவா எழுதியிருக்காங்க," என்றார். மூன்றாம் பக்கம் வந்தது. மகள் கத்தியைக் கீழே வைத்தாள். அவர் விரல் அந்த இரண்டு சதுரங்களின் மேல் நிற்காமல் கடந்து போனது. நான்காம் பக்கத்தின் அடியில் கோடு போட்டிருந்த இடத்தைக் கண்டதும் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். அழகான கையெழுத்து, நூற்றுக்கணக்கான சான்றிதழ்களில் பழகியது.

"மூணாம் பக்கத்துல ஒரு இடம் விட்டுட்டீங்க," என்றாள் அவள்.

அவர் பக்கத்தைத் திருப்பினார். சதுரங்களைப் பார்த்தார். இரண்டுக்கும் எதிரே நீளமான வரிகள்.

"அப்பா, அது வந்து..." என்றாள் மகள்.

"தெரியும், தெரியும். நான் பாத்தேன்." பேனாவை மனைவியிடம் நீட்டினார். "இந்த மாதிரி சில்லறை விஷயமெல்லாம் நீயே போட்டுக்கோயேன். எல்லாம் நிரப்பினவளுக்கு இதுதான் பெரிசா?"

"நானே போடட்டுமா?"

"போடு."

"படிச்சுட்டுத்தானே சொல்றீங்க?"

"எத்தனை தடவை கேப்ப? இருபது வருஷத்துக்கு மேலா இதுலதான் இருக்கேன்." குரல் கொஞ்சம் ஏறியது. செய்தித்தாளை எடுத்து விரித்துக்கொண்டார்.

அவள் நின்றுகொண்டே குனிந்து இரண்டாவது சதுரத்தில் குறியிட்டாள். பக்கங்களை முதலிலிருந்து ஒரு முறை எண்ணி, உறையில் போட்டாள். மகள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ரொட்டி கடிபடாமல் அப்படியே இருந்தது.

"எப்போ கிளம்பணும்னு போட்டிருக்காங்க, பாத்தியா?" என்றார் அவர் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து. "நான் மேலாளர்கிட்ட முன்கூட்டியே சொல்லணும்."

"அவசரமில்ல," என்றாள் அவள். "நீங்க சொல்ல வேண்டாம்."